இடது கணுக்கால், ஞாயிறு நாலு மணி

கடிதத்தின் தேதி 2 மார்ச் 2000. என் கைக்கு வந்தது 23 மார்ச், வியாழக்கிழமை, பகல் பதினொன்றரைக்கு. வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றின் பெயர் அச்சிட்ட தாள். ஒரே பக்கம், தட்டச்சில் நான்கு பத்திகள், கீழே நீல மையில் விஞ்ஞானி ஒருவரின் கையெழுத்து. மூன்றாவது பத்தியை அன்றைக்கே தமிழில் எழுதி வைத்தேன்:

"உங்கள் பதிவுகளின் ஒழுங்கு என்னை வியக்க வைத்தது. ஒரு கேள்வி மட்டும். சோதிக்கும்போது உங்கள் தங்கையின் கண்கள் மூடியிருந்தனவா? தொடும் இடங்களின் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றினீர்களா? இல்லையென்றால், தயவுசெய்து ஒரு முறை அப்படிச் செய்து பாருங்கள். அதுவரை இந்த எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்."

மாற்றவில்லை. மூன்று வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மாற்றவில்லை. மாற்றாமல் இருந்ததைத்தான் நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் மலையாள நாட்டில், மட்டாஞ்சேரியில் பிறந்தவர்கள். அப்பா முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலைக்கு வந்த தமிழர். அவர் போன பிறகு வீட்டில் அம்மா, நான், என்னைவிட ஒன்பது வயது இளைய தங்கை. தங்கை கொச்சங்காடியில் ஒரு பாண்டிகசாலையில் சுக்கு சுத்தம் செய்யும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சரக்குக் கிடங்குக்கு எங்கள் பக்கத்தில் பாண்டிகசாலை என்றுதான் பெயர். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து முறத்தில் சுக்கைப் பரப்பி, ஒட்டியிருக்கும் தோலைச் சுரண்டி, பூச்சி விழுந்ததை ஒதுக்குவார்கள். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் அடுக்களை வரைக்கும் சுக்கு மணக்கும்.

10 ஜூன் 1996, திங்கள்கிழமை. என் டைரியில் பதினொன்று என்று இருக்கிறது, ஆனால் அது மறுநாள் கலங்கிப்போய் எழுதியது. ஆஸ்பத்திரிச் சீட்டில் பத்து. சீட்டில் உள்ளதையே எடுத்துக்கொள்கிறேன். மழை ஈரத்தில் அடி மூட்டைகள் இளகி, பின்னாலிருந்த அடுக்கு சரிந்தது. குனிந்து உட்கார்ந்திருந்தவளின் முதுகில் மூன்று மூட்டைகள் விழுந்தன. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. தண்டுவடம் நசுங்கிவிட்டது என்றார்கள். தொப்புளுக்குக் கீழே தொட்டால் எதுவும் தெரியவில்லை. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, 20 ஜனவரி 1997 அன்று வீட்டுக்கு வந்தாள்.

வந்த முதல் வாரத்தில் நானும் அம்மாவும் கற்றுக்கொண்டது ஒன்றுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் விழும். நேரம் பார்த்து வேலை செய்வது எனக்குப் புதிதல்ல. நான் குடிநீர் பம்ப் ஹவுசில் ஆபரேட்டர். மணிக்கு ஒரு தடவை எல்லா மானிகளையும் ஒரே வரிசையில் சுற்றிவந்து, முள் காட்டுவதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். என்னைப் பழக்கிய மூத்த ஆபரேட்டர் இரண்டு விதிகள் சொல்லியிருந்தார். முள் பூஜ்யத்தில் நின்றால் பூஜ்யம் என்று எழுது, கட்டத்தைக் காலியாக விடாதே. வரிசையை மாற்றாதே, மாற்றினால் ஒன்றை விட்டுவிடுவாய். இருபது வருடம் அப்படியே செய்தேன். ஒன்றையும் விட்டதில்லை.

2 பிப்ரவரி 1997, ஞாயிறு, மாலை நாலு மணிக்குத் தங்கையின் கால்களில் முதல் அளவு எடுத்தேன். விளக்குமாற்றிலிருந்து உருவிய ஓர் ஈர்க்குச்சி. ஒரு காலுக்குப் பன்னிரண்டு இடம், இரண்டு காலுக்கும் சேர்த்து இருபத்துநாலு. வலது பெருவிரலில் தொடங்கி வலது தொடை வரை, பிறகு இடது பெருவிரலிலிருந்து இடது தொடை வரை. அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாள். தெரிகிறது என்றால் ஒன்று, தெரியவில்லை என்றால் பூஜ்யம். நோட்டில் தமிழில் எழுதினேன். அப்பா எனக்கு வீட்டில் உட்கார வைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தார். தங்கைக்கு எழுத்து கற்கும் வயது வந்தபோது அவருக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. அவள் மலையாளப் பள்ளிக்கூடம் போனாள். தமிழ் பேசுவாள், ஏசுவாள், படிக்க வராது.

இப்படித் தொண்ணூறு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் பூஜ்யம் எழுதினேன்.

1998 அக்டோபரில் ஏலூரில் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்த்த நண்பர் சில ஜெராக்ஸ் தாள்களோடு வந்தார். நாங்கள் இருவரும் புத்தகம் மாற்றிக்கொள்கிறவர்கள். ஆலை நூலகத்துக்கு வரும் ஆங்கில அறிவியல் இதழ்களில் எனக்கு வேண்டியது ஏதாவது வந்தால் நகல் எடுத்துத் தருவார். இந்தத் தடவை வந்தது தண்டுவடக் காயம் பற்றியது. அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். எனக்குப் புரிந்தது இதுதான்.

எலியின் தோலிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறார்கள். நரம்பு வளர ஊக்கம் கொடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவை, நோய் உண்டாக்க முடியாதபடி ஆக்கிய வைரஸ் ஒன்றின் மேல் ஏற்றி, அந்தச் செல்களுக்குள் அனுப்புகிறார்கள். பிறகு அந்தச் செல்களை எலியின் தண்டுவடத்தில் காயம்பட்ட இடத்தில் வைத்துத் தைக்கிறார்கள். தோல் செல் நரம்பாக மாறிவிடுவதில்லை. அது தோல் செல்லாகவே உட்கார்ந்துகொண்டு அந்தப் புரதத்தைச் சுரந்தபடி இருக்கிறது. அறுந்து நின்றுபோன நரம்பிழைகள் அந்த இடத்தைத் தேடி உள்ளே வளர்கின்றன. சில எலிகளுக்கு நடை கொஞ்சம் தேறியிருக்கிறது. புதிய காயம், பெரும்பாலும் முழுதாக அறுபடாத தண்டுவடம், எலி. இந்த மூன்று வரம்புகளும் கட்டுரையிலேயே இருந்தன. நான் அடிக்கோடு போட்டது வேறு வரிகளில்.

படித்து முடித்த அன்று சாயங்காலம் தங்கையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"அப்போ எலியை நடக்க வச்சிட்டாங்க."

"கொஞ்சம் நடந்திருக்கு."

"எங்க பாண்டிகசாலைக்கு வந்து பாக்கச் சொல்லு அண்ணே. ஆபரேஷன் ஒண்ணும் இல்லாமலே மூட்டைக்கு மூட்டை ஓடுது."

"சிரிக்காதே. தோல் கொஞ்சம் எடுத்தா போதுமாம். அவங்கவங்க தோல்தான்."

"தொடையில எடுக்கட்டும். எனக்கு வலிக்காது, அது ஒரு சௌகரியம்." அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அம்மா, அண்ணன் என்னை எலியாக்கப் போறான், கேட்டோ!"

"முதல்ல சாயா குடிக்கச் சொல்லு, ஆறுது," என்றாள் அம்மா.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் அது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

3 ஜனவரி 1999, ஞாயிறு, நாலு மணி பத்து நிமிடம். இடது கணுக்காலில் ஈர்க்குச்சியை வைத்தேன். "தெரியுது அண்ணே," என்றாள். நான் மறுபடி வைத்துப் பார்க்கவில்லை. முள் முதலில் காட்டுவதைத்தான் எழுத வேண்டும் என்பது பம்ப் ஹவுஸ் பழக்கம். ஒன்று என்று எழுதினேன். அந்த ஒன்று கோணலாக இருக்கிறது. நோட்டை இப்போது எடுத்தாலும் அது தெரியும். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் தெரிந்தது. பிப்ரவரியில் இடது குதிகால், ஏப்ரலில் இடது பெருவிரல். ஜூலைக்குள் இடது காலில் ஐந்து இடங்கள். அம்மா பருப்புப் பாயசம் வைத்தாள். சுக்கு கொஞ்சம் தூக்கலாக இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

29 ஆகஸ்ட் 1999 அன்று அந்தக் கட்டுரையின் அடியில் இருந்த முகவரிக்கு எழுதினேன். முப்பத்தைந்து ஞாயிறுகளின் அளவு, இரண்டு கால்களின் படம், இருபத்துநாலு புள்ளிகள். தோல் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம், அவள் தோல் போதாவிட்டால் என் தோலையும் எடுத்துக்கொள்ளலாம், மனிதர்களுக்குச் செய்யத் தொடங்கும்போது என் தங்கையை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். ஆங்கிலத்தைத் திருத்திய ஏலூர் நண்பர் கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "எலிதான், மறந்துடாதீங்க," என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அதையும் டைரியில் எழுதியிருக்கிறேன்.

இதற்கு நடுவில் தங்கைக்கு வேறொரு வழி திறந்தது. சுக்கு வேலையில் அவளுக்கு மூத்தவரான ஒரு சேச்சி மாதம் ஒரு தடவை பார்க்க வருவார். உடல் ஊனமுற்றவர்களுக்கு எஸ்.டி.டி. தொலைபேசி பூத் ஒதுக்கித் தருகிறார்கள், மனு போடு என்று படிவத்தோடு வந்து நின்றார். தங்கை மலையாளத்தில் தானே நிரப்பினாள். அவள் அவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை. மனுவோடு வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் மெடிக்கல் போர்டு முன்னால் போய் நிற்க வேண்டும். "நிக்க வேண்டாம், படுத்தா போதும்," என்றாள் தங்கை.

போர்டு அழைப்புக் கார்டு 29 நவம்பர் 1999, திங்கள்கிழமை வந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். 7 டிசம்பர், காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டும் என்று இருந்தது. சான்றிதழின் மாதிரியை நான் முன்பே பார்த்திருந்தேன். நிரந்தர ஊனம் என்று டாக்டர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் நோட்டில் ஐந்து இடங்களில் ஒன்று விழுந்திருக்கும்போது நிரந்தரம் என்று எப்படி எழுதலாம்? நாளைக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டால், உங்கள் நாட்டு டாக்டர்களே தேறாது என்று எழுதிவிட்டார்களே என்று ஒதுக்கிவிட மாட்டார்களா? அப்படித்தான் யோசித்தேன். கார்டை அளவு நோட்டுக்குள் செருகி வைத்தேன். அந்த நோட்டை அவள் எடுக்க மாட்டாள், எடுத்தாலும் தமிழ் தெரியாது.

"கார்டு வந்துச்சா அண்ணே?" என்று தினமும் கேட்டாள். போர்டைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம் என்றேன். டிசம்பர் முழுவதும் கேட்டாள். ஜனவரி பிறந்த பிறகு கேட்கவில்லை. "பூத் பற்றி இன்றும் பேச்சில்லை. ஆசை குறைந்திருக்கலாம்," என்று 9 ஜனவரி 2000 தேதியில் எழுதி வைத்திருக்கிறேன். பதிவு எழுதுகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பது எவ்வளவு தெரியும் என்பதற்கு அந்த வரி போதும்.

பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. முதல் பத்தியில் நன்றி. இரண்டாவது பத்தியில், மரபணு மாற்றிய செல்களை மனிதத் தண்டுவடத்தில் வைக்கும் நிலைக்குத் தாங்கள் வரவில்லை, எப்போது என்று சொல்லவும் தெரியாது என்று இருந்தது. பழைய காயத்தில் தழும்பு இறுகியிருக்கும். செல்கள் அளவுக்கு மீறி வளரலாம், புதிதாக வலி தொடங்கலாம். அதற்கடுத்த வரியை நான் பல தடவை படித்தேன். உங்கள் எண்கள் சரியென்றால் தண்டுவடத்தில் ஏதோ பிழைத்திருக்கிறது, அப்படியானால் அந்த இடத்தைத் திறப்பது இருப்பதையும் அழித்துவிடக்கூடும் என்று எழுதியிருந்தார். நாலாவது பத்தி ஒரே வாக்கியம்: "எங்களுக்காக உங்கள் தங்கை எதையும் தள்ளிப்போட வேண்டாம்."

கார்டு விஷயத்தை நான் அவருக்கு எழுதவே இல்லை.

26 மார்ச் 2000, ஞாயிறு. துண்டுச் சீட்டுகளில் ஒன்று முதல் இருபத்துநாலு வரை எழுதிச் சுருட்டி, அரிசி அளக்கும் டப்பாவில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டு, வாயைத் திறக்காதே என்றேன். ஈரிழைத் துண்டால் தங்கையின் கண்ணைக் கட்டினேன்.

"என்ன அண்ணே, கண்ணாமூச்சியா? என்னால ஓடி ஒளிய முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

"புது முறை. கடிதத்துல கேட்டிருக்காங்க."

"ஓ." துண்டின் முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள். "ஷெரி. தொடங்கு."

முதல் சீட்டு பதினேழு. அது இடது காலில். தெரிகிறதா என்று கேட்காமல், எப்போது தெரிந்தாலும் சொல் என்று மட்டும் சொல்லியிருந்தேன். குச்சியை வைத்தேன், எடுத்தேன். பதில் இல்லை. அடுத்தது மூன்று. குச்சியை வைக்காமல் பத்து எண்ணும் வரை சும்மா இருந்தபோது, "தெரியுது," என்றாள். குச்சி என் கையில் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். அடுத்தது கணுக்கால், ஒரு வருடமாக ஒன்று விழுந்த அதே இடம். வைத்தேன். அழுத்தினேன். ஈர்க்குச்சி வளைந்தது.

ஒன்பதாவது சீட்டில் அவளே துண்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டாள்.

"போதும் அண்ணே. எனக்கு எண்ணத் தெரியும், அவ்வளவுதான். மூணு மூச்சுக்கு ஒரு தடவை குச்சியை மாத்துவே. வலது காலு முடிஞ்சதும் ஒரு தடவை செருமுவே. அதுலேருந்து மூணாவது கணுக்காலு."

ஈர்க்குச்சியை நோட்டின் மேல் வைத்தேன்.

"முதல் தடவை பொய்யில்ல. சத்தியமா. என்னமோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. சொன்னதும் உன் மூஞ்சியைப் பாத்தேன். அன்னைக்கு நீ ரெண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கித் தின்னே. அடுத்த ஞாயித்துக்கிழமை இல்லைன்னு எப்படிச் சொல்ல?"

"அதுக்காக அஞ்சு இடமாடி?"

"ஒரே இடத்துல நின்னா நீ கவலைப்படறே. பின்னே நான் என்ன செய்ய?"

அம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "மிச்சச் சீட்டை எடுக்கணுமா வேண்டாமா?" என்றாள்.

"இரும்மா, இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் தங்கை. "அண்ணே, அந்த நோட்டைக் கொடு."

கொடுத்தேன். பக்கங்களைத் தள்ளி, சரியாக அந்த இடத்தில் விரித்து, கார்டை எடுத்துப் போர்வை மேல் வைத்தாள்.

"எப்போ பாத்தே?"

"புது வருஷத்துக்கு. நீ ட்யூட்டிக்குப் போயிருந்தே. என் காலு எப்படி இருக்குன்னு நீ படம் வரஞ்சிருக்கேன்னு அம்மா சொல்லிச்சு, பாக்கலாம்னு எடுக்கச் சொன்னேன். நோட்டு தமிழ்தான் அண்ணே, எனக்கு ஒரு எழுத்து தெரியாது. கார்டு மலையாளமாச்சே."

"அப்பவே கேட்டிருக்கலாம்."

"நீயே சொல்வேன்னு இருந்தேன். பன்னிரண்டு ஞாயித்துக்கிழமை இருந்தேன்." குரல் அங்கேதான் உடைந்தது. "எனக்கு அந்த பூத் வேணும் அண்ணே. காலு வந்தா வரட்டும். காலு வர்ற வரைக்கும் இந்தக் கூரையை எத்தனை தடவை எண்ணுவேன்? நூத்திநாப்பத்தியாறு ஓடு. உடைஞ்சது ரெண்டு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டதாக நினைவு. அவள் அதை மறுக்கிறாள், நீ ஒன்றும் பேசவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினாய் என்கிறாள். அன்றைய டைரியில் அதைப் பற்றி வரி இல்லை. பிறகு அவளே துண்டைக் கீழே இறக்கிக்கொண்டு, "அம்மா, எடு. இருபத்துநாலும் முடியட்டும். அண்ணனுக்குக் கட்டம் காலியா கிடந்தா உறக்கம் வராது," என்றாள். முடித்தோம். இருபத்துநாலு பூஜ்யம். அந்தப் பக்கத்தை அவள் வாங்கி, தேதியும் இடங்களின் பெயரும் மலையாளத்தில் எழுதினாள். அன்று முதல் நோட்டு அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

மறுநாள் திங்கள்கிழமை கார்டோடு ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போனேன். டிசம்பரில் ஏன் வரவில்லை என்று குமாஸ்தா கேட்டார். என் தவறு என்றேன். அவர் இன்னும் இரண்டு காரணம் எதிர்பார்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு 4 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை என்று எழுதித் தந்தார்.

போர்டு இரண்டாம் மாடியில் கூடியது, லிஃப்ட் கிடையாது. சுக்குச் சேச்சி பாண்டிகசாலையிலிருந்து சுமட்டுத் தொழிலாளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மூட்டை தூக்குகிறவர்கள். பிரம்பு நாற்காலியோடு தங்கையைத் தூக்கினார்கள். "மோளே, நீ அரை மூட்டைகூட இல்லல்லோ," என்றார் ஒருவர். "நடுவழியில இறக்கி வச்சு பீடி குடிச்சா சேட்டா, நான் மூட்டை மாதிரி சும்மா இருக்க மாட்டேன்," என்றாள் இவள். படிக்கட்டு முழுக்கச் சிரிப்பாக ஏறினார்கள். பின்னால் நான் தலையணையோடு போனேன்.

டாக்டர் வயதானவர். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஊசியின் தலையாலும் முனையாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டார். வரிசையே இல்லை. சில சமயம் தொடவே இல்லை. நான் மூன்று வருடத்தில் கற்காததை அவர் ஆறு நிமிடத்தில் செய்து முடித்தார். எழுதத் தொடங்கியபோது தங்கை கேட்டாள்: "டாக்டர், நிரந்தரம்னு எழுதினா, பின்னால கொஞ்சம் தேறினா மாத்த முடியுமா?"

அவளுக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. சுவரோரமாக நின்ற எனக்காகக் கேட்டாள்.

டாக்டர் பேனாவை நிறுத்தாமல் மலையாளத்தில், "மாறியால் இங்கோட்டு வா மோளே, ஞான் தன்னே இது கீறிக் களயாம்," என்றார். மாறினால் வா, நானே இதைக் கிழித்துப் போடுகிறேன். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணனோ?" என்று கேட்டார். தலையாட்டினேன். சான்றிதழை அவர் என்னிடம் நீட்டவில்லை, அவளிடம் கொடுத்தார். அவள் கடைசி எழுத்து வரை படித்துவிட்டு மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஆய்வுக்கூடத்துக்கு இருபத்துநாலு பூஜ்யங்களையும் எழுதி அனுப்பினேன். மே மாதம் ஒரு தபால் அட்டை வந்தது. "நீங்கள் அனுப்பியவற்றில் இதுவே எனக்கு மிகவும் பயன்படும் பக்கம். தங்கைக்கு என் வணக்கம்." தங்கை அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பூத் 6 நவம்பர் 2000, திங்கள்கிழமை திறந்தது. கொச்சங்காடியில், அவள் வேலை பார்த்த பாண்டிகசாலைக்கு நாலு கடை தள்ளி. கண்ணாடிக் கதவு, உள்ளே தொலைபேசி, வெளியே சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமான மேசை. சாயங்காலமானால் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஊருக்குப் பேச வரிசையில் நிற்பார்கள். தமிழ் பேசும் பூத் என்று வைட்டிலா பக்கத்திலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். உள்ளே ஒருவர் அடிவயிற்றிலிருந்து கத்துவார். இவள் கண்ணாடியைத் தட்டுவாள். "அண்ணாச்சி, மெதுவா பேசுங்க. கம்பியில போகுது, கூவி எறிய வேண்டாம். உங்க சம்சாரம் கேக்கறதுக்கு முன்னாடி மட்டாஞ்சேரியே கேட்டாச்சு." புண் வராமலிருக்க அரை மணிக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கிக்கொள்வாள். வரிசையில் நிற்பவர்களுக்கும் அது பழகிவிட்டது. "தங்கச்சி, நேரமாச்சு, தூக்கு," என்று யாராவது சொல்வார்கள்.

நான் நகல் சேர்ப்பதை நிறுத்தவில்லை. ஏலூர் நண்பர் கொண்டு வந்துகொண்டே இருந்தார். தோல் செல்லுக்குப் பதில் வேறு செல், ஒரு புரதத்துக்குப் பதில் இரண்டு, பழைய காயத்திலும் முயற்சிகள். எல்லாம் இன்னும் எலிகளில்தான். மாதம் ஒரு தடவையாவது தங்கை கேட்பாள், "எலி எப்படி இருக்கு அண்ணே?" நான் சொல்வேன். அடிக்கோடு போடும் வரிகளை மட்டும் மாற்றிக்கொண்டேன். ஞாயிறு அளவை நிறுத்திவிட்டோம். அவள் வேண்டாம் என்றாள், நானும் கட்டாயப்படுத்தவில்லை.

6 ஆகஸ்ட் 2004, வெள்ளிக்கிழமை, பூத்தில் ஒருவர் நீட்டிய சாயா கிளாஸ் தவறி அவள் இடது தொடையில் கொட்டியது. அவள் அப்போது முகத்தைத் திருப்பி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாஸ் விழுந்த சத்தத்துக்கு முன்னாலேயே "ஆ" என்று கத்தினாள் என்று சாயா கொண்டு வந்தவர் சொன்னார். சத்தம் கேட்டுத்தான் கத்தினேன் என்று அவள் சொன்னாள். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, சிவந்த இடத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்:

"துண்டைக் கொண்டு வா அண்ணே. ஒரே ஒரு தடவை. அம்மா, டப்பா."

அம்மா சீட்டு எடுத்தாள். சிவந்த இடத்தை விட்டு, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, இடது தொடையின் வெளிப்பக்கம். பத்துத் தடவை தொட்டேன், பத்துத் தடவை தொடாமல் இருந்தேன், எது எப்போது என்பதைச் சீட்டு தீர்மானித்தது. தொட்ட பத்தில் ஏழு தடவை தெரிகிறது என்றாள். தொடாத பத்தில் மூன்று தடவை தெரிகிறது என்றாள். அதற்குமேல் போக விடவில்லை. துண்டை அவிழ்த்துவிட்டு என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"பாயசம் வேண்டாம், கேட்டோ," என்றாள் அம்மாவிடம்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். பூத்தை மூடிவிட்டு வர முடியாது, ஓணம் முடியட்டும் என்றாள். ஓணம் முடிந்தது. நான் மறுபடி கேட்டேன், பிறகு கேட்கவில்லை. முடிவு செய்ய வேண்டியது அவள்தான்.

8 ஆகஸ்ட் 2004 தேதியிட்ட பக்கத்தில் ஏழு, மூன்று என்ற இரண்டு எண்கள் அவள் கையெழுத்தில் இருக்கின்றன. இடது தொடையில் அந்த இடத்தில் அவள் உணர்ந்தாளா, ஊகித்தாளா என்பதை டாக்டர் யாரும் இதுவரை சோதித்துப் பார்க்கவில்லை. சரிபார்க்கப்படாத தகவலாகவே அதைப் பதிந்திருக்கிறேன்.